பெருந்தொற்றுக் காலத்தில் கம்பெனி யாரிடம் முதலில் பேச வேண்டும்?

தொழிற்சாலை ஒன்றின் எச்ஆர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொரோனா சமயத்தில் கம்பெனிகளின் மக்கள் தொடர்பு ஆட்கள் என்னதான் செய்தார்கள்? பிரஸ் ரிலீஸ் எழுதுவதைத் தவிர வேறு வேலை இருந்ததா? அதே மாதிரி இன்னொரு நோய் வந்தால் ஊழியர்களிடம் எப்படிப் பேசுவது?"

பிரஸ் ரிலீசுக்கு ஆன நேரம் மிகக் குறைவு. அந்த இரண்டு வருடமும் எங்கள் வேலையில் முக்கால்வாசி உள்ளே இருந்தவர்களோடுதான். சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்ததையும், அதே சமயத்தில் மற்ற நிறுவனங்களும் அரசும் பேசிய விதத்தையும் வைத்துச் சொல்கிறேன். என் பதில் ஒன்றுதான்: எந்தச் செய்தியானாலும் உற்பத்தி லைனில் நிற்கும் ஆளுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும். வாடிக்கையாளர், பத்திரிகை, தலைமை அலுவலகம் எல்லாம் அப்புறம். இந்த வரிசை எங்கே மாறியதோ, அங்கே வாட்ஸ்அப் வதந்தி முந்திக்கொண்டது.

2020 மார்ச்சில் எடல்மன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் பத்து நாடுகளில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. கொரோனா பற்றி வேலை கொடுத்த நிறுவனம் சொல்வதை ஓரிரு முறை கேட்டாலே நம்புவோம் என்று 63 சதவீதம் பேர் சொன்னார்கள். அரசு இணையதளத்துக்குக் கிடைத்தது 58, செய்தி ஊடகத்துக்கு 51. ஆலைக்குள் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாளைக் காலை கம்பெனி பஸ் வருமா, வந்தால் ஏறலாமா, ஏறாவிட்டால் சம்பளம் போகுமா என்ற கேள்விகளுக்கு டிவியில் பதில் கிடைக்காது. கம்பெனிதான் சொல்ல வேண்டும்.

சம்பளத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 அமலுக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவில் நாடே அடைபட்டது. மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, ஊரடங்கு நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 18 முதல் அந்த உத்தரவு இல்லாமல் போனது. இடைப்பட்ட ஏழு வாரமும் பல கம்பெனிகள் வக்கீல் சொன்னபடி வாயே திறக்கவில்லை. "நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்" என்ற ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செய்யாறில் வீட்டு வாடகை கொடுக்க வேண்டிய ஆளுக்கு அந்த வரியால் என்ன பயன்? வழக்கு நடக்கும்போதுகூட, "ஏப்ரல் சம்பளம் 30ஆம் தேதி முழுதாக வரும். மே மாதம் பற்றி இன்னும் முடிவாகவில்லை, 10ஆம் தேதி சொல்கிறோம்" என்று சொல்லலாம். சட்டத்தில் அதற்கு எந்தத் தடையும் கிடையாது. முடிவு தெரியாமல் இருப்பதைக்கூட ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். எப்போது தெரியும் என்பதும் தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

ஊரடங்கு தளர்ந்து ஆலை திறந்ததும் வந்தது முதல் பாசிட்டிவ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிர்வாகத்திலிருந்து வழக்கமாக வரும் நோட்டீஸ் இப்படி இருக்கும்:

"நமது ஆலையில் பணிபுரியும் ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதி செய்யப்பட்டுள்ளது. தேவையான அனைத்து முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன. ஊழியர்கள் பீதியடைய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மூன்று வரியிலும் பொய் கிடையாது. ஆனால் படித்து முடித்தவர் போனை எடுத்து "யாருப்பா அது?" என்று கேட்பார். அரை மணி நேரத்தில் நாலு பெயர் சுற்றும், அதில் மூன்று பேருக்கு ஒன்றுமே இருக்காது. நாங்கள் எழுதி ஒட்டியது ஏறக்குறைய இது:

"பிரஸ் ஷாப்பில் (தகடு அழுத்தும் பிரிவு) இரண்டாம் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவருக்கு இன்று கொரோனா உறுதியாகியிருக்கிறது. அவர் கடைசியாக வேலைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. பக்கத்து மெஷினில் நின்றவர்கள், கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள், பஸ்ஸில் அருகில் உட்கார்ந்தவர்கள் அனைவரிடமும் போனில் பேசிவிட்டோம். உங்களுக்கு போன் வரவில்லை என்றால் நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் இருக்கச் சொன்னவர்களுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம், லீவிலும் கழிக்க மாட்டோம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இது பொருந்தும். பரிசோதனை முடிவுகள் இன்னும் வரவில்லை. நாளை மாலை 5 மணிக்கு மீண்டும் சொல்கிறோம். முடிவு வராவிட்டாலும் அதையும் 5 மணிக்குச் சொல்கிறோம்."

இதில் உயிர்நாடியான வரி "உங்களுக்கு போன் வரவில்லை என்றால்" என்பது. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் பட்டியலில் வருபவர் இருபது முப்பது பேர்தான். மிச்சப் பேருக்கு அன்றிரவு தூக்கம் வருவதும் வராததும் அந்த வரியைப் பொறுத்தது. ஆனால் அந்த வரியை எழுத வேண்டுமானால் முதலில் அத்தனை போனும் போயிருக்க வேண்டும். டைம் ஆபீஸில் பஞ்ச் பதிவு, பஸ் ரூட் பட்டியல், கேன்டீன் சூப்பர்வைசரின் ஞாபகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டியல் போட்டு, ஆள் ஆளாகக் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் நோட்டீஸ் ஒட்ட முடியும். அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையில் எழுத்து கடைசிக் கட்டம். "அனைத்து நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், என்னென்ன நடவடிக்கை என்று கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் ஒன்றும் எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சம்பள வரியும் அதே மாதிரி. அதை எழுதுவதற்கு முன் எச்ஆர், ஃபைனான்ஸ், லேபர் கான்ட்ராக்டர் மூன்று பேரிடமும் சண்டை போட வேண்டியிருக்கும். போடுங்கள். சம்பளம் போகும் என்று தெரிந்தால் காய்ச்சலோடு இருப்பவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கேட்டில் இருக்கும் தெர்மாமீட்டரைத் தாண்டி வந்துவிடுவார். "காய்ச்சல் இருந்தால் தெரிவிக்கவும்" என்று எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் நடக்காதது, ஒரு சம்பள உத்தரவால் நடக்கும்.

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். பெயரைப் போடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஷிஃப்ட், ஷாப், கடைசியாக வந்த நாள் மூன்றையும் போட்டால் கூட வேலை செய்பவர்களுக்கு யார் என்று புரிந்துவிடும். அதனால் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் அந்த ஊழியருக்கு போன் செய்து, இதைத்தான் எழுதப்போகிறோம் என்று படித்துக் காட்டுவது எங்கள் பழக்கம். ஆள் குறைவாக இருக்கும் பிரிவு என்றால் பிரிவின் பெயரை எடுத்துவிட்டு, போன் போட வேண்டியவர்களுக்கு மட்டும் போட்டு முடித்துக்கொள்வோம். அப்போது நிலைமை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். சென்னையில் தொற்று வந்தவர் வீட்டு வாசலில் மாநகராட்சி தகரம் அடித்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. ஆலைக்குள் கசியும் ஒரு பெயர் அன்று மாலையே அவருடைய தெருவுக்குப் போய்விடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார்.

சரி, நோட்டீஸ் எழுதியாயிற்று. யார் படிக்கிறார்கள்? ஷாப் ஃப்ளோரில் பலருக்குக் கம்பெனி இமெயிலே கிடையாது. நோட்டீஸ் போர்டு முன்னால் கூட்டம் கூடக் கூடாது என்று நாமே சொல்லியிருக்கிறோம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தமிழும் வராது, ஆங்கிலமும் வராது. எங்களுக்குப் பலன் கொடுத்தவை இரண்டு வழிகள். ஒன்று, ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் சூப்பர்வைசர் தன் ஆட்களை நிறுத்திப் பேசும் அந்த ஐந்து நிமிடம். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் ஆடியோ. ஒடியா ஆடியோவை வெளி ஆளிடம் கொடுத்துப் பதிவு செய்யவில்லை, அவர்களோடு வேலை செய்யும் ஒடியா லைன் லீடரே பேசினார். குரல் தெரிந்த குரலாக இருந்ததால் அதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

சூப்பர்வைசருக்கு அரை மணி நேரம் முன்னாடியே செய்தி போயிருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அவரிடம் கேட்கும்போது "எனக்கே இப்பதான் தெரியும்" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எம்.டி. வந்து பேசினாலும் எடுபடாது. கேட்கக்கூடிய ஐந்தாறு கேள்விகளும் பதில்களும் எழுதிய ஒரு தாளை அவர் கையில் கொடுத்தோம். அந்தத் தாளின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள், கேள்வியைக் குறித்துக்கொண்டு எங்களுக்கு அனுப்புங்கள்."

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001 ஆந்த்ராக்ஸ் தாக்குதல்களுக்குப் பிறகு நெருக்கடிக் காலப் பேச்சுக்கென்று ஒரு கையேடு தயாரித்தது. முதலில் சொல், சரியாகச் சொல், நம்பும்படி நட, வேதனையைப் புரிந்துகொண்டதைக் காட்டு, செய்ய ஒரு வேலை கொடு, மரியாதையாகப் பேசு என்று ஆறு விஷயங்கள் அதில் உண்டு. படிக்க எளிது. முதல் இரண்டும்தான் தினமும் மோதிக்கொள்ளும்: சீக்கிரம் சொன்னால் தப்பாகப் போகலாம், சரிபார்த்துச் சொன்னால் தாமதமாகும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, எந்த மணி நிலவரம் என்பதைச் செய்தியிலேயே போடுவதுதான். "மதியம் 2 மணி வரை தெரிந்தது" என்று தலைப்பில் இருந்தால், மாலையில் மாற்றிச் சொல்லும்போது பொய்யாகிவிடாது.

தவறு நடந்துவிட்டால் வேறு யாராவது கண்டுபிடிக்கும் முன் நாமே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு சுகாதாரத் துறையின் மாலை அறிக்கையை அப்போது எல்லாரும் தினமும் பார்த்தோம். சென்னையில் மரணக் கணக்கு குறைவாகக் காட்டப்படுகிறது என்ற குற்றச்சாட்டு பல வாரங்கள் ஓடியது. அரசு குழு போட்டு ஆராய்ந்து, 2020 ஜூலை 22 அன்று விடுபட்டிருந்த 444 மரணங்களைக் கணக்கில் சேர்த்தது. சேர்த்தது நல்ல காரியம். ஆனால் பத்திரிகைகள் கேட்டுக் கேட்டு வந்த திருத்தம் என்பதால், எண்ணைத் திருத்த முடிந்ததே தவிர, போன நம்பிக்கையைத் திருப்பிக் கொண்டுவர நாளாயிற்று.

தலைமையில் இருப்பவர் எப்படிப் பேச வேண்டும் என்றும் கேட்பீர்கள். இரண்டு உதாரணம் போதும். மேரியட் ஹோட்டல் குழுமத்தின் தலைவர் ஆர்னி சோரன்சன் 2020 மார்ச்சில் ஊழியர்களுக்கு ஒரு வீடியோ பேசினார். கணையப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டியிருந்த நேரம். இந்தத் தோற்றத்தில் வீடியோ வேண்டாம் என்று தன் குழு கவலைப்பட்டதையும் சொல்லிவிட்டுப் பேசினார். பெரும்பாலான இடங்களில் வியாபாரம் வழக்கத்தைவிட 75 சதவீதம் கீழே என்று மழுப்பாமல் சொன்னார். அந்த வருடம் முடியும்வரை தனக்குச் சம்பளம் வேண்டாம், மேல்மட்ட நிர்வாகிகளுக்குப் பாதிச் சம்பளம்தான் என்று அறிவித்துவிட்டு, ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிருப்பதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மறு வருடம் பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். அந்த வீடியோ எடுபட்டதற்குக் கண்ணீர் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். ஊழியர்கள் இழப்பதற்கு முன் தான் எதை இழக்கிறேன் என்று சொன்ன அந்த வரிசைதான் காரணம்.

எதிர்ப்பக்கம், 2021 டிசம்பரில் பெட்டர் டாட் காம் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் தலைவர் விஷால் கார்க், ஒரே ஜூம் அழைப்பில் சுமார் 900 பேரை வேலையை விட்டு அனுப்பினார். இந்த அழைப்பில் இருக்கிறீர்கள் என்றால் நீங்களும் அவர்களில் ஒருவர் என்று சொல்லி முடித்தார். ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஏர்பிஎன்பி 2020 மே மாதம் அதைவிட அதிகம் பேரை, ஏறக்குறைய 1,900 பேரை அனுப்பியது. ஆனால் அதன் தலைவர் பிரையன் செஸ்கி எழுதிய கடிதத்தில் ஏன், எந்தப் பிரிவு, எத்தனை வாரச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எதுவரை, லேப்டாப்பை வைத்துக்கொள்ளலாமா என்பதுவரை எல்லாம் இருந்தது. வேலை போனது போனதுதான். இருந்தாலும் அந்தக் கடிதம் பலரால் நல்ல முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பாதிக்கப்படுபவர் அடுத்த நிமிடம் என்ன கேட்பார் என்று யோசித்து எழுதியது அது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை மரணம். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவருக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனையும் சுகாதாரச் செயலர் ராதாகிருஷ்ணனும் உடனே விளக்கினார்கள். தடுப்பூசியின் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு விசாரித்தும் பின்னர் அதையேதான் சொன்னது. ஆனால் திங்கட்கிழமை ஆலைக்குள் வந்தால், தடுப்பூசிக்குப் பெயர் கொடுத்திருந்தவர்கள் வரிசையாக வந்து பெயரை எடுக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு அறிக்கையை அச்சடித்துக் கொடுத்து ஒன்றும் ஆகவில்லை. முதலுதவி அறை நர்ஸ் அக்கா, ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர், ஷாப் ஷாப்பாகப் போய் நின்றார். கம்பெனி டாக்டர் மைக்கில் உட்கார்ந்து, சுகர் இருக்கிறது போடலாமா, குடித்தால் என்ன ஆகும் என்பது மாதிரி எந்தக் கேள்வியானாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு என்று நிர்வாகம் அறிவித்தது. பட்டியல் மெதுவாகத் திரும்ப நிரம்பியது. பயத்தைப் பார்த்து "மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அடுத்த மாதமே இரண்டாம் அலையின் உச்சம். எங்கள் தொழிற்பேட்டைப் பகுதியிலேயே பெரிய ஆலைகளில் என்ன நடந்தது என்பது செய்திகளில் வந்தது. ரெனோ நிசான் ஆலையில் சமூக இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்று தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. விதிகளைப் பின்பற்றுகிறோம் என்று நிர்வாகம் மறுத்தது. ஹூண்டாயில் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராடிய பிறகு மே 25 முதல் 29 வரை ஆலை நிறுத்தப்பட்டது. அந்த வாரத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது: லைனில் இரண்டு ஆட்களுக்கு நடுவே எத்தனை அடி என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். இடைவெளி இருக்கிறது என்று சொல்வதற்கு முன் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து அளந்து பார்க்க வேண்டும். சங்கத்தை எதிராளி என்று நினைத்து ஒளித்து வைக்கும் எந்தத் தகவலும் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

அந்த மே மாதம் எங்கள் வேலை முழுக்கவே மாறியது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க "பெட் இருக்கா", "ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும்" என்ற கேள்விகள். நல்ல எண்ணத்தோடு ஃபார்வர்ட் செய்த எண்கள் பாதி வேலை செய்யவில்லை. நோயாளியை வண்டியில் வைத்துக்கொண்டு செத்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை கிடையாது. அதனால் குழுவில் யாரும் எண் போடக் கூடாது, எங்களுக்கு அனுப்பினால் நாங்கள் கூப்பிட்டுப் பேசி, பேசிய நேரத்தைப் போட்டுத் தருகிறோம் என்று மாற்றினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் அழித்துவிடுவோம்.

மரணச் செய்திகளும் எங்கள் மேஜைக்குத்தான் வந்தன. இதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட முறையை அப்படியே சொல்கிறேன். குடும்பத்தில் ஒருவரிடம் பேசி, எல்லாருக்கும் சொல்லியாயிற்றா என்று கேட்காமல் ஒரு வரிகூட வெளியே போகாது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கே இன்னும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். எதனால் இறந்தார் என்பது குடும்பம் அனுமதித்தால் மட்டும். கூட வேலை செய்த பத்துப் பதினைந்து பேருக்கு சூப்பர்வைசர் நேரில் சொன்ன பிறகே பொது அறிவிப்பு. அறிவிப்பில் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" மாதிரியான வரிகளைத் தவிர்த்தோம். அவர் எந்த மெஷினில் இருந்தார், யாருக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்தார் என்று இரண்டு வரி, கூட இருந்தவர்களிடம் கேட்டு எழுதினோம். குடும்பத்துக்கு என்னென்ன பணம் வரும், பி.எஃப்., இன்சூரன்ஸ், ஈ.எஸ்.ஐ. பென்ஷன் எதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, ஒரு ஆளின் போன் எண்ணோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அந்தத் தாள்தான் அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் எழுதியதிலேயே அதிகம் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

பத்திரிகையாளர்கள் பற்றிச் சுருக்கமாக. "உங்கள் ஆலையில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ்?" என்றுதான் கேட்பார்கள். சுகாதாரத் துறைக்குக் கொடுத்த அதே எண்ணைக் கொடுங்கள், அதற்குள் அந்த எண் ஆலைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "கருத்துச் சொல்ல விரும்பவில்லை" என்றால், ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் செய்தி வரும். நிவாரண அரிசி மூட்டையோடு ஏழையை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நன்கொடை அறிவிப்பு எழுதினால் கணக்கைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்: மத்திய அரசின் 2020 ஏப்ரல் விளக்கத்தின்படி பி.எம். கேர்ஸுக்கும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் கொடுத்தது சிஎஸ்ஆர் (நிறுவனங்கள் சட்டப்படி செய்ய வேண்டிய சமூகச் செலவு) கணக்கில் வந்தது, முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தது வரவில்லை. ஊரடங்கு நாட்களுக்குக் கொடுத்த சம்பளமும் சிஎஸ்ஆர் ஆகாது. இது தெரியாமல் பெருமையாக அறிக்கை விட்ட நிறுவனங்கள் உண்டு.

வீட்டிலிருந்து வேலை பார்த்த ஆபீஸ் ஆட்களுக்கு வேறு பிரச்சினை, அவர்களுக்குச் செய்தி அளவுக்கு மீறிப் போனது. வாரம் ஒரு மெயில், ஒரே நாளில், ஒரே நேரத்தில் என்று குறைத்ததும் படிக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊழியர் பட்டியலில் அவசரத் தொடர்பு எண் என்ற கட்டத்தைத் திறந்து பாருங்கள். நிரந்தர ஊழியர்களுக்கு அது ஓரளவு சரியாக இருக்கும். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பல ஆலைகளில் அந்தக் கட்டத்தில் இருப்பது லேபர் கான்ட்ராக்டரின் ஆபீஸ் எண். ஒவ்வொருவரிடமும் வீட்டில் ஒருவர் எண், அந்த வீட்டில் பேசும் மொழி, பஸ் ரூட் மூன்றையும் கேட்டு நிரப்புங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். சிம் மாறிக்கொண்டே இருக்கும்.